துவாய் முடிச்சு

தலையில் கட்டிய துவாய் அவிழத் தொடங்கியிருந்தது. ஒரு கையால் அதை அமுக்கிக்கொண்டு, மறு கையால் வள்ளத்துக்குள் அடித்த தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றினாள் நிவேதனா. துவாய் அவிழ்ந்தால் பின்னல் விழும். பின்னல் விழுந்தால் வள்ளம் கரைக்குத் திரும்பும்.

"தண்ணி நல்லா இறைக்கிறான். வாயைத்தான் வீட்டிலை விட்டிட்டு வந்திட்டான்," என்றார் முன்பக்கம் வலைக்குப் பக்கத்தில் இருந்த சோமசேகரம்.

"யதுசன்ரை மச்சான். மன்னார்ப் பெடியன், கூச்சம்," என்றார் எஞ்சினைப் பிடித்திருந்த வள்ளக்காரர் குகதாசன்.

அண்ணன் யதுசன் காய்ச்சலில் கிடந்தான். புதுவலை இறக்கும் முதல்நாள் ஆள் அனுப்பாத வீட்டுக்கு அந்தப் பருவம் முழுக்க வள்ளத்தில் இடமில்லை. பெண் ஏறினாலோ, சோமசேகரம் வலையைத் தொடவே மாட்டார். விடியப்புறம் அண்ணனின் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றவளை அம்மா கேதீஸ்வரி தடுக்கவில்லை. துவாயை வாங்கி, இரண்டே சுற்றில் பின்னலை உள்ளே மடித்து முடிந்தாள். "வள்ளத்திலை வாய் திறந்து கதையாதை, வள்ளக்காரர் சொல்லுறபடி செய்" என்றாள். அந்தக் கைக்கு எங்கிருந்து இந்தப் பழக்கம் என்று யோசிக்க நேரமிருக்கவில்லை.

எல்லாம் யோசித்தவளுக்கு ஒன்று தெரியாமல் போனது. கரையில் நிற்கும் பெண்களுக்கு அது தெரிய வழியில்லை. அம்மன் கோபுரம் நேரே வந்ததும் எஞ்சினை நிறுத்தி, தலையில் இருப்பதைக் கழற்றிக் கும்பிடுவது கடலுக்குப் போகிறவர்களின் வழக்கம்.

எஞ்சின் நின்றது. சோமசேகரம் தொப்பியைக் கழற்றிக் கற்பூரம் கொளுத்தினார்.

"தம்பி, துவாயை எடு. அம்மாளுக்கு முன்னாலை என்ன தலைக்கட்டு?"

கை முடிச்சில் உறைந்தது.

"சோமண்ணை, காத்துக்குக் கற்பூரம் நூரப்போகுது," என்றார் குகதாசன். "அங்காலை திரும்பி, காத்தை மறைச்சுக்கொண்டு கும்பிடுங்கோ."

சோமசேகரம் திரும்பிக் குனிந்தார். குகதாசன் அவளைப் பார்த்துத் தாடையை அசைத்து, எடு என்று காட்டினார். அவள் அவிழ்த்தாள். பின்னல் இடுப்பில் விழுந்தது. கும்பிட்டாள், சுருட்டினாள், முடிந்தாள். சோமசேகரம் திரும்பியபோது மன்னார்ப் பெடியன் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான்.

வலை இறங்கியது. யதுசனின் இடம் தப்பியது.

"யதுசன் ஆறுதலா வரட்டும், அதுவரைக்கும் உவன் போதும்," என்று சொல்லிவிட்டுச் சோமசேகரம் முன்பக்கம் சாய்ந்து கண்ணை மூடினார்.

நிவேதனா எஞ்சின் பக்கம் நகர்ந்தாள். "எப்பயிலையிருந்து தெரியும்?"

"கரையிலையே. உந்த முடிச்சைக் கண்டனான்."

"முடிச்சிலை என்ன?"

"ஆம்பிளையள் ஒருத்தரும் உப்பிடி முடியிறேல்லை. முந்தியும் ஒருத்தி இந்த இடத்திலைதான் துவாயிலை கையை வைச்சுக்கொண்டு முழிச்சவ. அண்டைக்கு எஞ்சினிலை இருந்தவர் எங்கடை அப்பா. கற்பூரத்தைச் சாட்டி என்னைத்தான் அங்காலை திருப்பினவர்." அவர் கடலைப் பார்த்தார். "நான் திரும்பிப் பாத்திட்டன்."

"ஆர் அது?"

"கொம்மா கேதீஸ்வரிதான்," என்றார் குகதாசன். "ஒருநாளில்லை, பிள்ளை. அந்தப் பருவம் முழுக்க."