நடுவில் துளை வைத்த மேசை

மேசையைத் தூக்கி வந்த நாலு பேரும் அதை வாசலில் இறக்கிய பிறகுதான் நடுவிலிருந்த துளையைப் பார்த்தார்கள். எலுமிச்சம்பழம் நுழையும் அளவு, சுத்தமான வட்டம்.

"அட சாமி! இதென்ன ஓட்டை?" என்று குனிந்தார் கந்தப்பன், இறந்துபோன சுவாமிநாதனின் அண்ணன். பிணத்தைக் குளிப்பாட்டப் பலகை இல்லையென்று தம்பியின் மரக்கொட்டகையிலிருந்து இதை எடுத்துவரச் சொன்னவர் அவர்தான். கொஞ்சம் யோசித்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "தண்ணி எறங்க ஓட்டை போட்டு வெச்சிருக்கறான் பாருங்க! போற நாளு தெரிஞ்சே செஞ்சிருக்கறான்!"

அவ்வளவுதான், கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. பெண்கள் அதையே வைத்து ஒப்பாரி பாடினார்கள். ஒருவர் துளைக்குள் விரலை விட்டும் பார்த்தார்.

முத்தாயம்மாளுக்கு அழுகை நின்றுவிட்டது. அவள் புருஷன் சுவாமிநாதன் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் மரவேலை செய்தவர். ஒரு மாதமாகத் தினமும் வேலை விட்டு வந்ததும் கொட்டகையில் இந்த மேசையோடுதான் கிடந்தார். என்னவென்று கேட்டால், "முடியட்டும் புள்ள" என்பார். நேற்றுச் சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவில்லை.

தெரிந்துகொண்டேவா ஒரு மாதம் அவள் கையால் சோறு தின்றார்? இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையா? துக்கத்தைவிடக் கோபம்தான் அவளுக்குப் பொங்கியது. பிணம் குளித்த பலகை வீட்டுக்குள் திரும்பாது, சுடுகாட்டோடு போய்விடும். அப்புறம் யாரைக் கேட்பது?

"நில்லுங்க மாமா, தண்ணி ஊத்தாதீங்க."

"நேரமாவுது அம்மிணி" என்றார் கந்தப்பன்.

"ஆவட்டுங்க."

சேலையை இழுத்துச் செருகி மேசைக்கடியில் புகுந்தாள். துளையைச் சுற்றி அடிப்பக்கம் தட்டு அளவுக்குக் குடைந்திருந்தது. அதில் மூன்று ஸ்க்ரூ ஓட்டைகள். தண்ணீர் இறங்க ஸ்க்ரூ எதற்கு?

லாரிப் பட்டறையிலிருந்து வந்திருந்த தங்கசாமியும் தவழ்ந்து வந்து தடவிப் பார்த்தார். "அக்கா, பம்பாய் லாரிக்காரருகிட்டச் சொல்லி ஒரு கை மிஷின் வாங்குனாரே, ரவுட்டருன்னு. அது எங்க?"

கொட்டகை மூலையில் சாக்கு சுற்றிக் கிடந்தது. தங்கசாமி அதைத் தலைகீழாகப் பிடித்து அடியிலிருந்து பொருத்தினார். மூன்று ஓட்டையும் கச்சிதமாகச் சேர்ந்தன. மிஷினின் கத்தி துளை வழியே மேலே எட்டிப் பார்த்தது. கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

"இதைக் கையில புடிச்சு மரத்து மேல ஓட்டுனா நீளமாக் காடிப் பள்ளம் வெட்டுமுங்க. ஆனா கையவே தூக்கிப் போட்டுரும். அதான் மிஷினைக் கீழ தொங்க உட்டுட்டு மரத்தை மேல தள்றாப்புல பண்ணியிருக்கறாரு. யப்பா, என்ன மூளை!" இழவு வீடு என்பது தங்கசாமிக்கு மறந்தே போயிருந்தது.

முத்தாயம்மாள் பக்கப் பலகையைப் பார்த்தாள். பென்சிலில் ஒரு சதுரம். அதற்குள் அவர் கையெழுத்து: 'சுவிட்ச். ஞாயிறு.'

"இன்னிக்கு வெள்ளிதானுங்க மாமா. நாளான்னிக்கு சுவிட்ச் வெக்கறதா இருந்தாருங்க. அவருக்குத் தெரியாதுங்க."

சொல்லும்போது நெஞ்சு லேசானது. அடுத்த மூச்சிலேயே தாங்க முடியாமல் போயிற்று. ஐயோ, ஒன்றுமே தெரியாமல் போய்விட்டாரே!

கந்தப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கயித்துக் கட்டிலையே கொண்டாங்கப்பா" என்றார்.

கட்டிலில் கிடத்திக் குடம் குடமாக ஊற்றினார்கள். மேசையை நகர்த்த யாருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் தெறித்தபோதெல்லாம் முத்தாயம்மாள் முந்தானையை விரித்து அந்தப் பென்சில் சதுரத்தை மறைத்துக்கொண்டு நின்றாள்.