பெசஹா அப்பம் வெட்டும் கை

ஈஸ்டருக்கு முந்தின நோன்பு வந்தால் என் வீட்டுக்காரர் குரியாக்கோஸின் கை நடுக்கம் கூடிவிடும். மற்ற நாட்களில் ரெண்டு மூடி பிராந்தி போட்டால் கை கொஞ்சம் அடங்கும். நோன்பில் அதைத் தொடவே மாட்டார். குடிக்காத நாளில் ஆடுகிற கையைப் பார்த்து, "மூக்குமுட்டக் குடிச்சிருக்கான்" என்று மாதா கோவில் முற்றத்திலேயே பேசினார்கள் எங்கள் பாலா ஊர்க்காரர்கள். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பெரிய வியாழனன்று, கர்த்தரின் கடைசி இராப்போஜனத்தை நினைத்து, பெசஹா அப்பம் வெட்டுவது வீட்டுக்குப் பெரியவரின் வேலை. ஜெபம் சொல்லி, வெட்டி, பாலில் முக்கி, வயது வரிசையில் எல்லார் கையிலும் தர வேண்டும். ஒரு சொட்டு சிந்தக்கூடாது. இவர் மேஜை முழுக்கச் சிந்தினார். ஒரு வருஷம் இவருடைய தம்பி வர்க்கி கத்தியை வாங்கிக்கொண்டான்.

"சேட்டாயி, நீங்க ஜெபம் மட்டும் சொல்லுங்க. பாலாவது மிஞ்சட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். நான் அடுக்களைக்குப் போய் அழுதேன்.

அப்புறம்தான் நடுக்கத்துக்குத் திருவனந்தபுரத்தில் அந்த ஆபரேஷன். மூளைக்குள் கம்பி, நெஞ்சுத் தோலுக்கடியில் ஒரு பெட்டி. முழித்திருக்கும்போதே டாக்டர் ஷீபா இவரை வட்டம் வரையச் சொன்னாராம். முதல் வட்டம் கோழி கிளறினது மாதிரி இருந்தது. கரண்ட் கொடுத்ததும் வரைந்தது வட்டமாகவே இருந்தது. அந்தக் காகிதம் இன்னும் எங்கள் பைபிளுக்குள் இருக்கிறது. பன்னிரண்டு வருஷம் இவரே அப்பம் வெட்டினார், இவரே சட்டைப் பட்டன் போட்டார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம், அந்த டாக்டர் பெண்ணுக்கும்தான்.

ஆனால் வயதோடு நடுக்கமும் வளர்ந்தது. பேட்டரி மாற்றினார்கள், கரண்டைக் கூட்டினார்கள். இந்த நோன்பில் போனபோது டாக்டர் மறைக்காமல் சொன்னார்.

"இதுக்கு மேல கூட்டினா கை நிக்கும் சேட்டா, நாக்கு குழறும். கூட்டலைன்னா பேச்சு தெளிவா இருக்கும், கை ஆடும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

நோன்பில் நாக்கு குழறினால் ஊர் என்ன சொல்லும்? வெளியே வந்து வர்க்கிக்குப் போன் போட்டேன்.

"இந்த வருஷம் நீ வெட்டுடா. அவர் ஜெபம் சொல்லட்டும்."

"என்னால ஆகாது ஏலி சேச்சி. சேட்டாயியே வெட்டட்டும்." பட்டென்று போனை வைத்துவிட்டான்.

அன்றைக்குக் கத்தியைப் பிடுங்கியவன், இன்றைக்கு நான் கெஞ்சும்போது கிராக்கி பண்ணுகிறான்! வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். உள்ளே போனால், இவர் டாக்டரிடம் சொல்லி முடித்திருந்தார்: "கை போதும்."

பெரிய வியாழன் சாயங்காலம் குடும்பம் மொத்தமும் கூடியது. இவர் ஜெபம் தொடங்கினார். வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. யாராவது சிரித்தால் கரண்டியால் அடிப்பது என்று நான் முடிவு செய்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஒரு குரல் அவரோடு சேர்ந்து சத்தமாக ஜெபம் சொன்னது. பார்த்தால் வர்க்கி. அப்புறம் எல்லாரும் சேர்ந்துகொண்டோம்.

கத்தி நேராக இறங்கியது. பாலில் முக்கிய முதல் துண்டு, அவருக்கு அடுத்தவனான வர்க்கிக்கு. அவன் ரெண்டு கையையும் நீட்டினான். என் மாதாவே! ரெண்டும் தடதடவென்று ஆடின. கையில் வைத்த துண்டிலிருந்து பால் மேஜைவிரிப்பெல்லாம் தெறித்தது.

"போன ஓணத்திலிருந்து இப்படித்தான் சேட்டாயி" என்றான் வர்க்கி, தலையைக் குனிந்துகொண்டு. "யார்கிட்டயும் சொல்லல."

ஒரே ரத்தம்தானே. கத்தி பிடிக்க அவன் ஏன் மறுத்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவர் தன் இடது கையால் அவன் கைகளைச் சேர்த்துப் பிடித்தார். வலது கையால் அந்தத் துண்டை எடுத்து மறுபடி பாலில் முக்கினார்.

"பயப்படாதேடா. டாக்டர் நம்பர் ஏலிகிட்ட இருக்கு." குழறினாலும் ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது. "இப்ப வாயைத் திற. பாலாவது மிஞ்சட்டும்."

வர்க்கி அழுதுகொண்டே சிரித்தான். வாயைத் திறந்தான். ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் ஊட்டிவிட்டார்.