வாண்டு அறைக்கு ஒரு காற்றுக்குழாய்

என் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். ஊருக்கெல்லாம் குளிர்காற்று கொடுப்பவர் பெற்ற மகளைச் சும்மா விடுவாரா? எங்கள் மூன்று வயது வாண்டுக்கு மூச்சிழுப்பு வந்ததும், தெருப்புழுதி நுழையாதபடி அவள் அறை ஜன்னலை நிரந்தரமாக மூடினார். எங்கள் மாடி வீட்டின் பின்பக்கச் சுவரில் துளை போட்டு, வெளிக்காற்றை இழுக்கக் குழாயும் சின்ன விசிறியும் பொருத்தி, அறைக்குள் திறக்கும் குழாய் வாய்க்கு வலையும் கட்டினார்.

"தூசி வராது, கொசு வராது. காத்து மட்டும்தான் வரும்" என்று மீசையை முறுக்கிக்கொண்டார். நானும் பூரித்துப்போனேன், பொய் சொல்வானேன்.

ஆனாலும் இழுப்பு கூடிக்கொண்டே போனது. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் ஓடியாடுவாள். வீட்டுக்கு வந்தால் மறுபடி ஆரம்பித்துவிடும். மருந்துதான் போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போனேன். அறையில் புகைவாடை அடித்தபோது தெருவைச் சபித்தபடி ஜன்னல் இடுக்கையும் டேப் போட்டு ஒட்டினேன்.

இன்று டாக்டரம்மா குண்டைத் தூக்கிப் போட்டார். "வீட்டுல யாராவது சிகரெட் பிடிக்கிறீங்களா?"

"சத்தியமா இல்லைங்க."

"மூச்சுக்குழாய்க்குள்ள மெல்லிசா ஒரு தோல் இருக்கும்மா. அதுல இருக்கிற பொடிப்பொடி முடிதான் அழுக்கை வெளியே தள்ளும். புகை பட்டுக்கிட்டே இருந்தா தோல் புண்ணாகி வீங்கிடும், முடியும் வேலை செய்யாது. சளி தேங்கி வழியை அடைச்சிடும். இவளுக்கு அதான் நடக்குது. புகை எங்கிருந்து வருதுன்னு பாருங்க."

வீட்டுக்கு வந்ததும் சமையலறையிலிருந்து மோப்பம் பிடித்துக்கொண்டே போனேன். வாண்டு அறையில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஈரத்துணியால் வலையைத் துடைத்தேன். வெள்ளைத்துணி கன்னங்கரேலென்று ஆகிவிட்டது.

"என்னங்க! இங்க வாங்க!"

துணியைப் பார்த்தவர் படியிறங்கிப் பின்பக்கம் ஓடினார். பின்னாலேயே நானும். அவர் குழாய் போட்டபோது கீழே கடை பூட்டிக் கிடந்தது. இப்போது அங்கே கூரியர் அலுவலகம். எங்கள் குழாயின் வெளிவாய்க்கு நேர் கீழே வேன்கள் என்ஜினை அணைக்காமல் புகை கக்கிக்கொண்டு நின்றன.

"நான் வைக்கும்போது இங்க ஒரு வண்டிகூட இல்லடி..." அவர் குரல் உடைந்தது.

திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவர் குழாய் போட்டதோடு சரி. வாண்டுக்கு மூச்சு முட்டியபோதெல்லாம், நல்ல காற்று படட்டும் என்று விசிறியைக் கூட்டிவைத்து, அவள் முகத்தை அதற்கு நேராகத் தூக்கிப் பிடித்தது நான்.