குடைக்காரிக்குப் பின்னால்

‘ஜொலிப்பு’ என்ற சினிமா மாத இதழ் கொடிகட்டிப் பறந்த காலத்தில், ஊரில் சுவர் என்று ஒன்று யார் கண்ணுக்கும் தெரிந்ததில்லை. எங்கே பார்த்தாலும் அதிலிருந்து வெட்டி ஒட்டிய நடிகர் நடிகைகள்தான். ஒரு கொத்தனார் ஒரு வீட்டை இடித்தபோது செங்கல்லெல்லாம் சரிந்த பிறகும் படங்கள் மட்டும் அசையாமல் நின்றன. குடியிருந்தவர்கள் ஒரு மழைக்காலம் முழுக்க அதற்குள்ளேயே வாடகை கொடுத்துக்கொண்டு இருந்தார்கள். நம்பாதவர்கள் அந்த மழையில் நனையாதவர்கள், அவ்வளவுதான்.

அந்த இதழில் ‘அத்தான் பதில்கள்’ எழுதியவர் நம்முடைய ஆள். வாசகர்கள் எதைக் கேட்டாலும் குறும்பாக ஒரு வரி சொல்லுவார். அதனால் ஊருக்கே அத்தானாகிவிட்டார். மளிகைக்கடைக்காரர் அத்தான் என்றார், டாக்டர் அத்தான் என்றார். சொந்த மாமனாரே ஒரு தடவை வாய்தவறி அத்தான் என்று கூப்பிட்டுவிட்டுப் பத்து நாள் தலைமறைவாக இருந்தார். அப்படிக் கூப்பிடாத ஒரே ஜீவன் அவர் மனைவி. “ஊருக்குத்தான் அத்தான். எனக்கு வெறும் ‘என்னங்க’ போதும்,” என்பாள்.

அந்த அம்மாள் போன மாதம் இறந்துபோனாள். அத்தான் அழவில்லை. அழக்கூடாது என்று வைராக்கியமெல்லாம் இல்லை, வரவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களுக்கு நாற்காலி போட்டார், மின்விசிறியைக் கூட்டி வைத்தார். மச்சினன் அழுதுகொண்டே சொன்ன வாக்கியம் பாதியில் நின்றபோது மீதியை இவரே எடுத்துக் கொடுத்தார். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி நெஞ்சு மரத்துக் கிடந்தது. தட்டிப் பார்த்தால் வேறு யாருடையதோ போலிருந்தது.

“ஒரு தடவை அழுதுடுங்கப்பா. பாக்கவே பயமா இருக்கு,” என்றாள் மகள்.

“வந்தா அழ மாட்டேனா? ஒளிச்சா வச்சிருக்கேன்?”

துக்கம் விசாரிக்க வந்த பத்திரிகை முதலாளி, விசாரிக்க வேண்டியதை விசாரித்துவிட்டுக் காலி டம்ளரைக் கீழே வைத்தார்.

“அத்தான், அடுத்த மாசத்தோட கடையைச் சாத்தறேன். எல்லாப் பயலும் போன்லயே நடிகையைப் பாத்துக்கறான். கடைசி இதழ்ல நம்ம பத்திரிகையோட வரலாறு வேணும். நீங்கதான் எழுதணும்.”

“பழைய இதழெல்லாம் இருக்கா?”

“பைண்டு பண்ணி வச்சிருக்கேன். படிக்கிற மாதிரி இருக்கான்னு மட்டும் கேக்காதீங்க.”

மறுநாள் அலுவலகத்துக்குப் போன அத்தான் முதல் தொகுப்பை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிரித்தார். எதிரில் உட்கார்ந்திருந்த முதலாளி அப்படியே தெரிந்தார். அட்டைக்கும் அட்டைக்கும் நடுவே ஜன்னல். பத்திரிகை அலுவலகத்துப் பிரதியைக்கூட யாரும் விட்டுவைக்கவில்லை.

“யாரு வெட்டினது?”

“ஆரம்பிச்சது எங்கப்பா. அப்புறம் யாரைக் கேக்கறது?”

இதில் அத்தானுக்கு ஒரு தனி நஷ்டம் இருந்தது. அவருடைய பதில்கள் எப்போதும் நடுப்பக்க வண்ணப்படத்தின் முதுகில்தான் அச்சாகும். படத்தை வெட்டினால் பதிலும் கூடவே போகும். பசை தடவினால் அவர் எழுத்தின் மேல்தான் தடவ வேண்டும். ஆக, வாழ்நாள் முழுக்க அவர் சுவர்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறார். சுவர்கள் குறை சொன்னதில்லை.

புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு ஜன்னலில் நின்றார். குடைக்காரி வந்த மாதம். மழையில் மஞ்சள் குடை பிடித்துக்கொண்டு ஒரு நடிகை சிரித்த அந்தப் படத்தின் முதுகில்தான் அவர் மனைவி, அப்போது யாரோ ஒரு பெண், கேட்ட கேள்வி வந்திருந்தது.

கேள்வி என்ன என்பது அத்தானுக்கு அப்போதே மறந்துவிட்டது. பதில் மட்டும் ஊருக்கே தெரியும். ‘முன்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்.’ பேருந்தில் இடமில்லையா, பரீட்சையில் தேறவில்லையா, வயிற்று வலியா, எல்லாவற்றுக்கும் அந்த வருஷம் சனங்கள் அதைத்தான் சொன்னார்கள். கேள்வி கேட்டவள் மட்டும் சிரிக்காமல் அலுவலகத்துக்கே சண்டைக்கு வந்துவிட்டாள். நான் என்ன கேட்டேன், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று விலாவாரியாகப் பேசினாள். அத்தான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்த சண்டை தீராமலேயே கல்யாணமாகிவிட்டது.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் மூக்குக்கண்ணாடியைத் தொலைத்தால், “முன்வரிசையில உக்காந்து பாருங்க,” என்பாள். சட்டையில் பொத்தான் இல்லை என்றாலும் அதேதான்.

“அப்படி என்னதான் கேட்டே?”

“தேடிப் படிச்சுக்கோங்க. நான் ஒரு தடவைதான் கேப்பேன்.”

ஆஸ்பத்திரியிலும் கேட்டார். “இப்பவா?” என்றாள். அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

பத்திரிகையின் வரலாற்றை எழுதிவிடலாம், அத்தானிடம் பொய்க்கு என்றைக்கும் பஞ்சமில்லை. அந்தக் கேள்வியை மட்டும் அவரால் இட்டுக்கட்ட முடியாது. குடைக்காரியை எங்கே பார்த்தோம் என்று யோசித்தார். முடி வெட்டிக்கொள்ளும் சலூனில், நாற்காலிக்குப் பின்பக்கச் சுவரில் பார்த்த ஞாபகம். நேரே அங்கே போனார்.

“இருந்தா, அத்தான். இப்பவும் இருப்பா,” என்றார் சலூன்காரர். “அவ மேல எத்தனை பேரை ஒட்டிட்டேன்னு சாமிக்குத்தான் வெளிச்சம். உரிச்சுடலாமா?”

“சுவர் கெட்டுப்போகுமே?”

“சுவரா? அது இருக்கான்னே எனக்குச் சந்தேகம். நீங்க உக்காருங்க.”

சவரத்துக்கு வைத்த வெந்நீரில் துண்டை நனைத்துப் போட்டு, கத்தியால் நெம்பி, ஒவ்வொரு தலைமுறையாக உரித்தார். காதல் நாயகர்கள் உதிர்ந்தார்கள். மீசைக்காரர்கள் சுருளாக வந்தார்கள். ஒரு வில்லன் மட்டும் கொஞ்சம் தகராறு பண்ணினார். கடைசியில் மஞ்சள் குடை தெரிந்தது. சலூன்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளை முழுசாக உரித்தெடுத்து அத்தான் கையில் கொடுத்தார்.

அத்தான் திருப்பிப் பார்த்தார். முதுகு வெள்ளை வெளேரென்று பஞ்சு மாதிரி இருந்தது. எழுத்தையெல்லாம் பசை வாங்கிக்கொண்டு சுவரோடு நின்றுவிட்டது. சுவரில் பார்த்தால் எல்லாம் இடவலம் மாறிய கோழிக் கிறுக்கல்.

“போச்சே, அத்தான்!”

“போச்சு.” அத்தான் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

“வந்தது வந்தீங்க, முடியாவது வெட்டிக்கிட்டுப் போங்க. காடா கிடக்கு.”

வெள்ளைத் துணியைக் கழுத்தில் கட்டி, கத்தரி ஒரு பக்கம் முடித்து மறுபக்கத்துக்கு வந்தபோது அத்தான் நிமிர்ந்து எதிர்க் கண்ணாடியைப் பார்த்தார். அவர் தோளுக்குப் பின்னால், சுவரில், கொட்டை எழுத்தில், ‘அத்தான் பதில்கள்’ என்று நேராக இருந்தது.

துணியோடு எழுந்தார். பிடரியைக் காட்ட வைத்திருக்கும் கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்ச் சுவருக்கு எதிரே பிடித்தார். பொடி எழுத்து ஒவ்வொன்றாக நேராகிக்கொண்டு வந்தது.

‘பெயர் வேண்டாம்: சோகப் படத்தில் எல்லாரும் கொட்டகையிலேயே அழுதுவிடுகிறார்கள். எனக்கு அங்கே ஒன்றுமே வருவதில்லை. வீட்டுக்கு வந்து, நாலு நாள் கழித்து, பாத்திரம் கழுவும்போது வருகிறது. அதுவரை அது எங்கே இருக்கும்?’

அதற்குக் கீழே அவருடைய பதில். அதை அவர் படிக்கவில்லை.

“என்ன போட்டிருக்கு?” என்றார் சலூன்காரர்.

“கேள்வி நல்ல கேள்விப்பா. பதில்தான் மட்டம்.”

“ஊரே சிரிச்ச பதிலாச்சே!”

“ஊருக்கென்ன.” துணியை அவிழ்த்து மடித்து நாற்காலியில் வைத்தார். “நான் வரேன்.”

“அத்தான், பாதித் தலைதான் ஆயிருக்கு!”

“மீதி அப்புறம்.”

வீட்டில் மகள் அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அத்தான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் போய் நின்றார்.

“நகரும்மா. நான் கழுவறேன்.”

“இதென்னப்பா புதுசா? தலை ஏன் பாதியில நிக்குது?”

“நகரு.”

தட்டைக் கழுவினார். கரண்டியைக் கழுவினார். அம்மாள் காப்பி குடிக்கிற டம்ளர் அடியில் கிடந்தது, அதையும் கழுவிக் கவிழ்த்தார். கை ஈரமாக இருந்தது. கண் காய்ந்துதான் இருந்தது. தொட்டியில் ஒன்றும் மிச்சமில்லை. அடுக்கி வைத்திருந்ததையெல்லாம் மறுபடி தொட்டிக்குள் இறக்கினார்.

“அப்பா, அதெல்லாம் கழுவினதுப்பா.”

“இருக்கட்டும்.”

“எத்தனை தடவைதான் கழுவுவீங்க?”

“முன்வரிசைக்கு வந்துட்டேன்மா,” என்றார் அத்தான், திரும்பாமல். “இன்னும் படம் போடலை.”

குழாயைக் கொஞ்சம் பெரிதாகத் திறந்துவிட்டு, அந்த டம்ளரை மறுபடி எடுத்தார்.