உப்பளத்துப் பெண்ணின் உள்ளங்கை

...அப்படியானால் அந்தக் கடைசி அத்தியாயம் எதற்கு, கதை முழுக்க அரியணையை எதிர்த்து நின்றவனை, கரி அள்ளிய கையாலேயே அரக்கனைச் சாய்த்தவனை, முடிவில் மன்னனின் தொலைந்துபோன மகன் என்று அறிவிப்பதற்கா, கரி அள்ளியவன் கரி அள்ளியவனாகவே வென்றால் வானம் இடிந்து விழுந்துவிடுமா, வீரத்துக்கும் வம்சச் சான்று வேண்டுமா... மாரிசெல்வியின் மடியில் கிடந்தது கடல்நம்பியின் புதிய மாயக்கதை, ‘முகில்தீவின் மகுடம்’. கம்பெனிப் பேருந்து இருங்காட்டுக்கோட்டையை நோக்கிக் குலுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் எழிலரசன், வடக்குப்பட்டுக்காரன், அவளோடு ஒரே லைனில் கார்களுக்கு வயர் கோப்பவன், ஞாயிற்றுக்கிழமை தன் தாயை அழைத்துக்கொண்டு அவளைப் பெண் பார்க்க வரவிருப்பவன். “ராஜா வூட்டுப் புள்ளன்னு தெரிஞ்சதும் எனக்குக் கண்ணே கலங்கிச்சு செல்வி,” என்றான் நேற்று, அந்த மூச்சிலேயே, “அம்மா கேட்டா உப்பளம் கிப்பளம்னு சொல்லிடாத, அப்பா யாவாரம்னு சொல்லிடு, இன்னா?” என்றும் சொன்னான். இன்று அவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கடல்நம்பியின் இதே கைதானா ‘உப்புக்கோட்டை’யை எழுதியது? தூத்துக்குடியில், பள்ளி நூலகத்தின் பின் வரிசையில், அட்டை கிழிந்து கிடந்த அந்தப் புத்தகம்... மன்னர்கள் முட்டியும் மந்திரவாதிகள் ஓதியும் திறவாத கோட்டைக் கதவு, அலையி என்னும் உப்பளத்துப் பெண் உள்ளங்கையை வைத்ததும் திறந்ததே, அன்று திறந்தது கதவு மட்டுமா, தன் அம்மாவின் கையை, உப்பு தின்று பிளந்த அந்தக் கையை, மாரிசெல்வி முதன்முதலாக வெட்கமின்றிப் பார்த்தது அன்றுதானே. அலையியின் கையிலும் ஒரு வடு உண்டு, பிறை வடிவில், அம்மாவுடையதைப் போல, உப்பு அறுத்த வடு... உப்பு அறுத்ததா? அப்படி எங்கே எழுதியிருந்தது? ‘பிறவியிலேயே பெற்ற பிறை’... ஆம், அதுதான் வரி, எழுத்து எழுத்தாக நினைவுக்கு வருகிறது, பிறவியிலேயே! அப்படியானால் கதவு உழைப்பை அறியவில்லை, பிறப்பை அறிந்தது. கடல்நம்பி மாறவில்லை, அன்றும் இதையேதான் எழுதினார், படித்தவள்தான் அம்மாவின் கையை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

“என்னங்க, உப்புக்கோட்டையில அந்தப் பிறை இல்லாட்டா கதவு தொறந்திருக்குமா?”

எழிலரசன் சிரித்தான். “வர்றவ போறவளுக்கெல்லாம் தொறக்கறதுக்கு அது இன்னா கோட்டைக் கதவா, கம்பெனி பஸ் கதவா?”

பேருந்து கம்பெனி கேட் அருகே நின்றது, கதவு திறந்தது, எல்லோரும் இறங்கினார்கள், அவன் இடம்விட்டு எழுந்து, “வா செல்வி, டைமாவுது” என்றான், அவள் எழவில்லை... உப்புக்கோட்டையை அவனுக்குப் படிக்கக் கொடுத்தவள் அவள், கேன்டீனில் நாள்தோறும் அதைப் பற்றிப் பேசியவள் அவள், மானம், சமத்துவம், உழைப்பவர் கை என்று. அவன் என்ன சொன்னான்? ஒரு சொல்லாவது... எவ்வளவு தேடியும் நினைவுக்கு வருவது, சோற்றைப் பிசைந்தபடி அவன் ஆட்டிய தலை மட்டுமே.