வற்றாத பீக்கர்

பெனின் செத்த பிறகும் அவனுடைய பீக்கரில் தண்ணீர் குறையவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் கல்லூரி லேபில், ஜன்னலோர மேஜையில் இருந்தது அது. வெயிலுக்கும் ஃபேன் காற்றுக்கும் பக்கத்து மேஜையில் என் பீக்கர் இரண்டு நாளில் பாதியாகிவிடும். அவனுடையது மட்டும் தினமும் காலையில் கழுத்துவரை நிற்கும்.

உள்ளே கிடந்தது கட்டைவிரல் அகலத்தில் ஒரு சவ்வு. ஃப்யூயல் செல்லுக்காக நானும் அவனும் செய்துகொண்டிருந்த பிளாஸ்டிக் சவ்வு. புரோட்டான் அதைத் தாண்டிப் போனால்தான் செல்லில் கரண்ட் வரும். பிளாஸ்டிக்கின் நீளச் சங்கிலிகளைக் குறுக்கே முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டும். முடிச்சு குறைந்தால் தண்ணீரில் ஊறிக் கூழாகும், கூடினால் விறைத்துக்கொண்டு எதையும் உள்ளே விடாது. நான் போட்டதெல்லாம் ஒன்று கூழ், இல்லையென்றால் தகரம். தளவாய்புரத்துக்காரன் பெனின் சரியாகப் போட்டுவிட்டான். எந்தச் சூட்டில் போட்டாய் என்று கேட்டதற்கு, "நாளைக்குச் சொல்லுதேன்" என்று சிரித்துக்கொண்டே பைக்கை எடுத்தான், பாவி. லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தான்.

மிச்சம் இந்த ஒரு துண்டுதான். "வயர் லூசா இருந்திருக்கும், அதான் ரீடிங் அம்புட்டு வந்திருக்கு" என்று எங்கள் கைடு அவன் இதை அளந்து குறித்துவைத்த எண்ணைத் தள்ளிவிட்டார். "திங்கக்கிழமை என் முன்னால அளந்து காட்டு. வரலைன்னா பேப்பர்ல அவன் பேரை எடுத்துரு." செத்தவனைப் பொய்யனாக்குகிறாரே என்று எனக்கு வயிறு எரிந்தது.

சவ்வு காய்ந்தால் விரிசல் விட்டுவிடும். அதனால் யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. லேப் சாவி என்னிடமும், கூட்டிப் பெருக்கும் மாடத்தியக்காவிடமும்தான் இருந்தது. கேட்டால் நின்றுவிடுமோ என்று பயம். சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள், அவன்தான் ஊற்றுகிறான் என்று நம்பினேன். அந்த மேஜைப் பக்கம் போனாலே முதுகு சில்லிடும். இருந்தும் "வாரேன்லே" என்று சொல்லாமல் லேபைப் பூட்டியதில்லை.

திங்கட்கிழமை கைடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சவ்வை எடுத்து அளந்தேன். பெனின் சொன்னதில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. "பாத்தியா?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பீக்கரைத் தூக்கிப் பார்த்தேன். கழுத்தைச் சுற்றி வெள்ளைக் கறை. டிஸ்டில்டு வாட்டரில் ஏது கறை? விளக்குமாறோடு வந்த மாடத்தியக்காவிடம் பாய்ந்தேன்.

"எக்கா, இதுல தண்ணி ஊத்துனியளா?"

"ஆமா தாயி. செத்தவுக புழங்குன எடத்துல தண்ணி வைக்காண்டாமா? அவுக வீட்டுல வேதக்காரவுக, சர்ச்சுக்குப் போறவுக, வைக்க மாட்டாக. இந்த மேசையே கதின்னு கெடந்த புள்ள தாகத்தோட அலையலாமா? உப்புத் தண்ணி இல்லட்டி, வீட்டுலருந்து நல்ல தண்ணிதான் கொண்டாந்தேன்."

அந்த நல்ல தண்ணீரில் இருந்த கால்சியம்தான், சவ்வுக்குள் புரோட்டான் உட்கார வேண்டிய இடத்தில் எல்லாம் போய் உட்கார்ந்துகொண்டது. "நாசமாப் போச்சு!" என்று கத்தினேன். பிறகு அழுதேன். அக்கா பயந்துபோய் என் தலையைத் தடவினாள்.

அழுது முடித்த பிறகுதான் புத்தி வந்தது. உட்கார்ந்ததை எழுப்பிவிடலாமே! தண்ணீர் கலந்த சல்ஃப்யூரிக் ஆசிட்டில் சவ்வை ஊறப் போட்டேன். பெனின் போட்ட முடிச்சு ஆசிட்டைத் தாங்குமா என்று வீட்டில் சோறு இறங்கவில்லை. மறுநாள் அலசி எடுத்து அளந்தேன். தாங்கியிருந்தது. அவன் சொன்ன எண் அப்படியே நின்றது. கைடைக் கூட்டிவந்து காட்டினேன். வயரை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். "அவன் பேரையே முதல்ல போடு" என்றார்.

சவ்வைக் கழுவிய பீக்கரில் போட்டு, டிஸ்டில்டு வாட்டரைக் கழுத்துவரை ஊற்றிவிட்டு அக்காவிடம் ஓடினேன்.

"எக்கா, இனிமே இதுல ஊத்தாதீய, என்ன?"

"நான் எங்க ஊத்துதேன்? பதினாறாம் நாளோட நிறுத்திட்டேன்லா. அதுக்குப் பொறவு மாசமாச்சே."

நேற்றுக் காலையில்கூடக் கழுத்துவரை நின்றதே!

சாயங்காலம் ஒரு டம்ளர் நிறையக் குடிதண்ணீர் பிடித்து அவன் மேஜையில் வைத்தேன். "ஏலே, ரீடிங் வந்துட்டு. உன் பேரை யாரும் எடுக்க மாட்டாங்க. தாகம்னா இதைக் குடி, பீக்கரை நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

காலையில் டம்ளரில் ஒரு சொட்டு இல்லை. பீக்கரில் தண்ணீர் ஒரு விரல்கடை குறைந்திருந்தது. டிஸ்டில்டு வாட்டரை நானே எடுத்துப் பீக்கரில் ஊற்றினேன்.