பொத்தானை அழுத்தியவள்

சுவரிலிருந்த பச்சைப் பொத்தானை நோக்கிச் சந்தானம் கை நீட்டியபோது அனந்தலக்ஷ்மி குறுக்கே போய் நின்றாள். அவள் கணவர் பசுபதியின் சவப்பெட்டி தகன அறைக் கதவோரம் காத்திருந்தது. நியூஜெர்சியின் பார்சிப்பனித் தமிழர்களில் பாதிப்பேர் பின்னால் நின்றார்கள்.

"அண்ணி, அண்ணனுக்குப் பையன் இல்ல. தம்பி நான்தானே பட்டன் பிரஸ் பண்ணணும்? இங்க கொள்ளி வைக்கிறதுன்னா அதுதான்."

"நான் அழுத்தறேன்."

சற்றுமுன்தான் பசுபதியின் நண்பர் சபரிநாதன் இரங்கலுரையில் உருகியிருந்தார். கரித்துண்டின் மேல் அணுத்துகள்களைப் பாய்ச்சி, இதய ஸ்கேனுக்கு வேண்டிய கதிர்வீசும் நைட்ரஜனைச் சின்ன மெஷினிலேயே உண்டாக்கியவராம் பசுபதி. ஒரு சனிக்கிழமை மெஷினை நிறுத்திய பிறகும் கரி கதிர்வீசுவதை லேபில் தனியாக உட்கார்ந்து கேட்டாராம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் இதுதான்.

அந்தச் சனிக்கிழமை லேபில் இருந்தவள், அங்கேயே ஆராய்ச்சி செய்துவந்த அனந்தலக்ஷ்மி. மெஷினை நிறுத்தியது அவள் விரல். நிறுத்தியும் கதிர்வீச்சை எண்ணும் கவுண்டர் விடாமல் டிக்டிக்கென்று அடித்ததைக் கேட்டு அவளுக்குத்தான் புல்லரித்தது. கட்டுரையில் ஏறியதோ பசுபதியின் பெயர் மட்டும். விருது மேடையில் மனைவிக்கும் நன்றி சொன்னார், நேரத்துக்குச் சாப்பாடு போட்டதற்காக. குடும்ப மானம் என்று அன்று வாயை மூடிக்கொண்டவளுக்கு இன்றுவரை வயிறு எரிகிறது. மனிதர் போய்ச் சேர்ந்தும் அது அணையவில்லை.

"சபரி, இத்தனை பேர் முன்னாடி சொல்லுங்க. அன்னைக்கு அவர் எங்க இருந்தார்?"

"இப்ப எதுக்குங்க அது?"

"எங்க இருந்தார்?"

சபரிநாதன் தன் ஷூவைப் பார்த்தார். "என்னோட கோல்ஃப் ஆடிட்டிருந்தார்."

"லேப்ல?"

"நீங்க மட்டும்தான்."

மகள் ரக்ஷா தோளைத் தொட்டாள். "இஸ் தட் ட்ரூ, மா?"

"அவர் சொன்னது காதுல விழுந்துச்சில்ல?"

இத்தனை வருஷத்து வன்மம் நெஞ்சில் இனித்தது. பெட்டிக்குள் இருப்பவருக்கு மறுத்துப் பேச வாயில்லை. நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

சந்தானம் ஒதுங்கி வழிவிட்டார். அவள் அழுத்தினாள். கதவு உயர்ந்தது, பெட்டி உள்ளே நகர்ந்தது, கதவு இறங்கியது. கும்பிட்ட கைகளை எல்லோரும் தாழ்த்தினார்கள்.

"ஒரு தரம் அழுத்தினால் போதும், மேம்" என்று தகனசாலைக்காரர் ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார்.

அவள் விரலை எடுக்கவில்லை.